தாத்தாவின் டபுள் பேரலுக்கு இன்சூரன்ஸ் எடுத்த கதை

சேதத்தைக் கணக்கெடுக்க இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர், தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியின் குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். அப்புறம் கட்டைவிரல் நகத்தால் வெளிப்பக்கத்தை லேசாகச் சுரண்டினார். நகத்தில் ஆரஞ்சு நிறப் பொடி ஒட்டியது.

"இது வெள்ளத்துத் துரு, சரி. உள்ளே இடது பக்கம் கறுப்பா குழி குழியா இருக்கே, அது எந்தத் துரு சார்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது, பில்லோடு. எட்டு வருஷத்துக்கு முன்னால் யாராவது கேட்டிருந்தால் முழித்துக்கொண்டு நின்றிருப்பேன்.

எங்கள் வீடு கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டிலிருந்து நடக்கிற தூரம். தாத்தா கட்டிய வீடு, தரைத்தளம் மட்டும்தான். அவர் மரவாடி வைத்திருந்தார். சாயங்காலம் கல்லாப் பணத்தோடு தனியாக வீட்டுக்கு வருகிறவர் என்று சொல்லி அறுபதுகளில் லைசென்ஸ் வாங்கினார். பெரம்பூர் ரயில்வேயில் வேலை பார்த்துவிட்டு ஆஸ்திரேலியாவுக்குக் குடும்பத்தோடு கிளம்பிய ஓர் ஆங்கிலோ இந்தியரிடமிருந்து வாங்கியது அந்த டபுள் பேரல். குழல் அளவு பன்னிரண்டு போர் (bore), பர்மிங்ஹாமில் செய்தது. தாத்தா அதை வைத்து யாரையும் மிரட்டியதாகக் கேள்விப்பட்டதில்லை. பழவேற்காடு பக்கம் வாத்து சுடப் போனதாக மட்டும் ஆயா சொல்வாள். 1972-ல் வன உயிரினச் சட்டம் வந்த பிறகு அதுவும் நின்றது.

வடசென்னையில் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்றால் கேட்பவர்கள் மனதில் ஓடுகிற சினிமா வேறு. எங்கள் வீட்டில் ஓடியது ஞாயிற்றுக்கிழமை காலைச் சினிமா: திண்ணையில் பழைய வேட்டித் துணி, ஒரு கம்பி, தையல் மெஷின் எண்ணெய், தாத்தாவின் அதட்டல். "தேங்காயெண்ணெய் போடாதடா, பிசுக்காயிடும்!"

நைனா காலத்தில் ஒரு சிங்கிள் பேரலும் சேர்ந்தது. நான் ரைஃபிள் கிளப்பில் சேர்ந்தபோது ஒரு பாயிண்ட் டூ டூ (.22) ரைஃபிள் வாங்கினேன். ஆக மூன்று. வெளிநாடுகளில் கலெக்‌ஷன் என்று சுவர் முழுக்க மாட்டிவைக்கிறார்கள். இங்கே மூன்றுதான் உச்சவரம்பு, அதையும் 2019 டிசம்பரில் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி இரண்டாக்கிவிட்டார்கள். பரம்பரைச் சொத்து என்றாலும் இரண்டுதான். மூன்றாவதை ஒரு வருஷத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். சிங்கிள் பேரலை 2020-ல் டீலரிடம் கொடுத்துவிட்டு ரசீதோடு வந்தேன். நைனா அன்றைக்கு ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.

இன்சூரன்ஸ் யோசனை எப்போது வந்தது என்றால், 2015 டிசம்பர் வெள்ளத்தில். பக்கிங்ஹாம் கால்வாய் நிரம்பி வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். பீரோவின் கீழ்த்தட்டில் தோல் உறைக்குள் இருந்தது டபுள் பேரல். தண்ணீர் மறுநாளே வடிந்துவிட்டது. ஆனால் உறை வடியவில்லை. உள்ளே இருந்த கம்பளித் துணி பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டிருந்தது. வீட்டைக் கழுவி, பாய் தலையணை காயப்போட்டு, ஆயாவுக்கு மருந்து வாங்கி, துப்பாக்கி ஞாபகம் வந்தபோது ஒன்பது நாள் ஆகிவிட்டது. இடது சேம்பரில், அதாவது தோட்டா உட்காரும் அறையில், விழுந்த குழிகள் அன்றைக்கு விழுந்தவைதான். செலவு முழுக்கக் கைக்காசு.

அப்போது பாலிசி எதுவும் இல்லை. இருந்திருந்தாலும் முழுசாகக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். உறைக்குள் ஒன்பது நாள் ஊறவிட்டது என் அசட்டை. நஷ்டம் மேலும் பெருகாமல் பார்த்துக்கொள்வது பாலிசி வாங்கியவர் கடமை என்று எல்லாப் பாலிசியிலும் ஒரு வரி இருக்கும்.

2021 ஏப்ரலில் பாரத் கிருஹ ரக்ஷா என்று எல்லா ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கும் பொதுவான ஒரு வீட்டுப் பாலிசி வந்தது. எங்கள் தெருவில் எல்.ஐ.சி. பார்க்கிற அக்கா ஒருவர் ஜெனரல் இன்சூரன்ஸும் பார்க்கிறார். அவர்தான் கொண்டுவந்து காட்டினார். வீட்டுக்கு எடுத்தால் உள்ளே இருக்கும் சாமான்களுக்கும் தானாகவே கவர் உண்டு. கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம். கட்டடத் தொகை என்பது கட்டும் செலவு, மனை விலை சேராது. புயல், வெள்ளம், தீ, இடி எல்லாம் அடங்கும்.

"துப்பாக்கி அதுல வருமாக்கா?"

"வீட்டுக்குள்ளதான தம்பி இருக்கு? சாமான்தான? எல்லாம் வரும்."

அக்கா நல்லவர். ஆனால் க்ளெய்ம் நாளில் அக்காவின் நல்ல மனசைக் கம்பெனி கேட்காது. அதனால் கம்பெனிக்கே ஒரு மெயில் போட்டேன். பத்து நாள் கழித்து வந்த பதில் எனக்குப் பெரிய பாடம். ரைஃபிளைப் பெயர், தயாரிப்பு, நம்பர், விலையோடு சாமான் பட்டியலில் தனியாக எழுதித் தரச் சொன்னார்கள். டபுள் பேரலைப் பழம்பொருளாக எடுத்துக்கொண்டு, நகை, வெள்ளி, ஓவியம் எல்லாம் வருகிற 'விலையுயர்ந்த சாமான்கள்' பிரிவில் போடலாம் என்றார்கள். அந்தப் பிரிவில் மதிப்பை முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு பொருள் 1 லட்சத்தைத் தாண்டினால் மதிப்புச் சான்றிதழ் வேண்டும்.

இந்த 'முன்கூட்டியே பேசி முடித்த மதிப்பு' பழைய துப்பாக்கிக்கு எவ்வளவு முக்கியம் என்பது டீலரிடம் போனபோதுதான் புரிந்தது. மூன்று கடை ஏறி இறங்கினேன். ஒருவர் 80 ஆயிரம் என்றார், இன்னொருவர் 2 லட்சம் என்றார். வெளிநாட்டுத் துப்பாக்கியைத் தனியாள் இறக்குமதி செய்வது 80-களிலேயே நின்றுபோனதால் உள்ளே இருக்கிற பழைய சரக்குக்கு யார் என்ன விலை சொன்னாலும் அதுதான் விலை. வாங்குகிறவருக்கும் லைசென்ஸ் வேண்டும் என்பதால் சந்தை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கடைசியில் ஒரு டீலர் கடை லெட்டர்ஹெட்டில், நம்பர் போட்டு, இடது சேம்பரில் குழிகள் உள்ளன என்பதையும் எழுதி, 1,40,000 என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். குறையையும் எழுதுகிறாரே என்று அப்போது எனக்குக் கடுப்பு. இரண்டு வருஷம் கழித்து அந்த வரிதான் என் பேச்சை நம்ப வைத்தது.

மெயிலில் இன்னொரு வரி. தோட்டா வராது. வெடிபொருள்கள், தனியாகக் குறிப்பிட்டிருந்தால் ஒழிய, இந்தப் பாலிசியில் விலக்கு. சரி, இருபது தோட்டாவுக்காக யாரும் சண்டை போடப் போவதில்லை. ஆனால் திருட்டு விஷயம் அப்படி விடக்கூடியதில்லை. இந்தப் பாலிசியில் திருட்டு என்பது வெள்ளம், தீ மாதிரி ஒரு சம்பவம் நடந்து, அதைத் தொடர்ந்து 7 நாளுக்குள் நடந்தால் மட்டும்தான். சும்மா ஒருநாள் பூட்டை உடைத்து எடுத்துப் போனால் கிடையாது. அதற்குத் தனியாகக் கொள்ளைக் கவர் எடுக்க வேண்டும். நான் எடுத்தேன். அதிலும் பூட்டு உடைந்த தடயம் இருக்க வேண்டும். பீரோவைத் திறந்து போட்டுவிட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து க்ளெய்ம் கேட்க முடியாது. மேலும், துப்பாக்கி காணாமல் போனால் உடனே போலீஸுக்குச் சொல்வது லைசென்ஸ் நிபந்தனை. இன்சூரன்ஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதுதான் முதல் வேலை.

எங்கேயும் எடுத்துப் போனால் கவர் ஆகிற 'ஆல் ரிஸ்க்' பாலிசியையும் விசாரித்தேன். பெயரைப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் பணம் தரும் போலத் தெரியும். விலக்குப் பட்டியலில் துரு, பூச்சி அரிப்பு, தேய்மானம், சுத்தம் செய்யும்போதும் ரிப்பேரின்போதும் ஏற்படும் சேதம் எல்லாம் வரிசையாக நிற்கும். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எங்கள் ஏரியா என்று கடலோரம் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லியே ஆகவேண்டும். உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே வருஷத்துக்கு ஒருதரம் பெயின்ட் கேட்கிறது, துப்பாக்கி என்ன ஆகும்? அந்தத் துருவுக்கு எந்தக் கம்பெனியும் பணம் தராது. வெள்ளம் வந்த நாளுக்குத் தேதி உண்டு, பேப்பரில் செய்தி உண்டு. உப்புக்காற்று என்றைக்கு அடித்தது என்று என்ன எழுதுவது?

அதனால் இரண்டு துருவையும் பிரித்துக் காட்ட ஆதாரம் சேர்க்க ஆரம்பித்தேன். வருஷா வருஷம் பாலிசி புதுப்பிக்கிற நவம்பரில் இரண்டு துப்பாக்கியையும் வெள்ளைத் துணியில் வைத்து, அன்றைய செய்தித்தாளைப் பக்கத்தில் போட்டு, நம்பர் தெரிகிற மாதிரி, குழல் வாய், சேம்பர், மரக்கட்டை, திருகு என்று போட்டோ எடுப்பேன். 2022-ல் சர்வீஸ் கொடுத்தபோது பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று மட்டும் எழுதியிருந்த மிஸ்திரி பாயிடம், "பாய், எந்த இடத்துல என்ன இருந்துச்சுன்னு ரெண்டு வரி எழுதிக் கொடுங்களேன்" என்று கேட்டு வாங்கினேன். அவர் சிரித்துக்கொண்டே எழுதினார்: வலது குழல் சுத்தம், இடது சேம்பரில் பழைய குழி, வெளிப்பூச்சு நன்று.

தோல் உறையை வெறும் அலங்காரத்துக்கு வைத்துக்கொண்டு, இரும்பு லாக்கர் ஒன்று வாங்கிச் சுவரில் போல்ட் அடித்தேன். 2015 தண்ணீர்க் கோட்டுக்கு ஒரு சாண் மேலே. அங்கேதான் தப்புக் கணக்குப் போட்டேன்.

மிக்ஜாம் புயல் மழை 2023 டிசம்பர் 3 ராத்திரி பிடித்தது. 4-ம் தேதி மதியம் தண்ணீர் 2015 கோட்டைத் தாண்டியது. ஆயாவை நாற்காலியோடு தூக்கி எதிர்வீட்டு மாடியில் உட்கார வைத்தோம். பத்திரங்கள், லைசென்ஸ் புத்தகம், பாலிசி எல்லாம் பிளாஸ்டிக் பையில் என் இடுப்பில். அப்புறம் லாக்கரைப் பார்த்தேன். எதிர்வீட்டு மாமா மாடியிலிருந்து கத்துகிறார், "இன்னாப்பா, அதையும் இங்க கொண்டாந்து வெச்சிரு!" வைக்க முடியாது. லைசென்ஸ் இல்லாதவர் வீட்டில் துப்பாக்கியை விட்டுவைத்தால் அவருக்கும் கேஸ், எனக்கும் கேஸ். ராத்திரி முழுக்க நானே மடியில் வைத்துக்கொண்டு உட்காரலாம். ஆனால் இடுப்பளவு தண்ணீரில், இருட்டுகிற நேரத்தில், தோளில் இரண்டு துப்பாக்கியோடு கொருக்குப்பேட்டைத் தெருவைக் கடந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பூட்டிவிட்டுப் போனேன்.

இரண்டு ராத்திரி, ஒன்றரைப் பகல். 6-ம் தேதி காலை லாக்கரைத் திறந்தபோது சாக்கடை வாடையோடு தண்ணீர் காலில் கொட்டியது. டிரிகர் காப்பு வளையத்துக்குள் சேறு அடைந்திருந்தது. வால்நட் மரக்கட்டை வெளிறிப்போய், ஈரத்தில் ஊதி, இரும்போடு சேருமிடத்தில் ஒரு நூல் அளவு விலகியிருந்தது.

இங்கே எல்லோருக்கும் வருகிற குழப்பம் எனக்கும் வந்தது. சர்வேயர் வரும்வரை தொடாமல் வைப்பதா, உடனே துடைப்பதா? தொட்டால் 'ஆதாரத்தை அழித்துவிட்டாய்' என்பார்களோ? தொடாமல் விட்டால் துரு தின்றுவிடும். நான் செய்தது: முதலில் போட்டோ, நிறைய. லாக்கர் கதவில் தண்ணீர்க் கோடு, சேறு, நம்பர், பக்கத்தில் ஆள் நிற்கிற மாதிரி ஒன்று. ஒரு சின்ன வீடியோ. உடனே வேலையை ஆரம்பித்துவிட்டேன். இரண்டும் காலி என்று திறந்து பார்த்து உறுதி செய்தபின் நல்ல தண்ணீரில் சேறு போகக் கழுவி, குழலுக்குள் வெந்நீர் ஊற்றி, துணி ஓட்டி, ஈரம் போக்கும் ஸ்ப்ரே அடித்து, அது ஆறியதும் எண்ணெய். கட்டையைக் கழற்றி நிழலில் மட்டும் காயவைத்தேன். வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். நனைந்த தோட்டாக்களைக் காயவைக்கிற வேலையே வேண்டாம். தனி டப்பாவில் போட்டு, பிறகு டீலரிடம் எண்ணிக் கொடுத்து லைசென்ஸில் வரவு வைக்கச் சொன்னேன்.

போனில் டவர் இல்லை. 7-ம் தேதி தண்டையார்பேட்டையில் சித்தப்பா வீட்டுக்குப் போய் அங்கிருந்து மெயில் அனுப்பினேன். பாலிசி நம்பர், சம்பவ தேதி, என்ன சேதம், சேதத்தைக் குறைக்கக் கழுவி எண்ணெய் போட்டிருக்கிறேன் என்ற வரி, போட்டோக்கள். அந்த ஒரு வரியை எழுதியது நல்லதாகப் போயிற்று. சர்வேயர் வந்தது ஆறு நாள் கழித்து. ஊரில் பாதிப் பேர் வீட்டில் அவருக்கு வேலை. "ஏன் கழுவினீங்க?" என்று அவர் கேட்கவே இல்லை.

கேட்டது, ஆரம்பத்தில் சொன்ன அந்தக் கேள்வி. நான் நவம்பர் போட்டோவையும் 2022 பில்லையும் 2021 மதிப்புச் சான்றிதழையும் வரிசையாக வைத்தேன். அவர் பில்லைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இடது சேம்பர் பழசுன்னு நீங்களே எழுதி வெச்சிருக்கீங்க?" "ஆமா சார், அதுக்குப் பணம் கேட்கல." அதன்பிறகு பேச்சே மாறிவிட்டது. புதுத்துரு ஆரஞ்சாக, பொடியாக, எண்ணெய்த் துணிக்கு வந்துவிடும். பழசு கறுத்து, குழியாக உட்கார்ந்திருக்கும் என்று அவரே எனக்கு விளக்கினார். லைசென்ஸ் தேதியைப் பார்த்தார், நடப்பில் இருந்தது. லைசென்ஸ் காலாவதியாகியிருந்தால் மீதிப் பேச்சுக்கே இடமிருந்திருக்காது.

டீலர் எழுதிய மதிப்பீடு மொத்தம் 41,000: டபுள் பேரலுக்குக் கறுப்புப் பூச்சு 14,000, கட்டை வேலை 9,000, ரைஃபிள் 8,000, தோல் உறை 4,000, இடது சேம்பர் 6,000. கடைசி வரியை நானே வேண்டாம் என்றேன். உறை ஏற்கெனவே கிழிந்ததுதானே என்று பாதி. 33,000 வந்தது. பிப்ரவரியில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தன.

வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2024 மார்ச் 16 தேர்தல் அறிவிப்பு, லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனிலோ டீலரிடமோ ஒப்படைக்க நோட்டீஸ். பாலிசி வீட்டு முகவரிக்குத்தானே? வெளியே இருக்கிற மூன்று மாதம் என்ன கணக்கு? மறுபடி மெயில். அரசு அதிகாரிகளின் பிடிப்பில் இருக்கும்போது ஏற்படும் சேதம் பொதுவாகவே விலக்கு என்றார்கள். டீலரிடம் வைத்தால் அந்த முகவரியைப் பாலிசியில் எண்டார்ஸ்மென்ட்டாக, அதாவது திருத்தக் குறிப்பாக, சேர்க்கலாம் என்றார்கள். வாடகை போனாலும் பரவாயில்லை என்று டீலரிடமே வைத்தேன். கிரீஸ் தடவி, போட்டோ எடுத்து, ரசீதில் 'நல்ல நிலையில்' என்று எழுதச் சொல்லி. ஜூனில் தேர்தல் முடிந்து திரும்பக் கொண்டுவந்த நாளில் எண்டார்ஸ்மென்ட்டை மாற்ற மறந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து அக்காதான் ஞாபகப்படுத்தினார்.

இப்போது லாக்கர் பழைய இடத்தில் இல்லை. சுவரில் பென்சிலால் இரண்டு கோடு போட்டிருக்கிறேன், 2015 ஒன்று, 2023 ஒன்று. லாக்கர் இரண்டாவது கோட்டுக்கு மேலே, என் தலை உயரத்தில், நாலு போல்ட்டோடு. ஸ்டூல் போட்டு ஏறினால்தான் திறக்க முடியும். போன நவம்பரில் புதுப்பிக்க வந்த அக்கா அண்ணாந்து பார்த்துவிட்டு, "இவ்ளோ மேல ஏத்திட்டியே தம்பி, பிரீமியம் கொஞ்சம் கொறைப்பாங்களான்னு கேக்கறேன்" என்று போனார். கேட்டாராம். குறைக்க மாட்டார்களாம்.